கோளாறு டீச்சர்

ஒரே வீட்டில் ஓரகத்திகளாகக் காலம் தள்ளுவதே பலருக்குப் பெரும்பாடு. இவர்கள் இருவரும் வேலைக்கும் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார்கள். அதிலும் ஒரே வகுப்புக்குப் பாடம் எடுத்தார்கள். அண்ணன் மனைவி இயற்பியல், தம்பி மனைவி உயிரியல். பிள்ளைகள் ஒருத்தியைப் பெரிய டீச்சர் என்றும் இன்னொருத்தியைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிட்டார்கள். போகப் போக வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. கீழ்த்தளத்தில் பெரிய டீச்சரின் குடும்பம், மாடியில் சின்ன டீச்சரின் குடும்பம், சமையலறை மட்டும் பொது.

பெரிய டீச்சருக்கு இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். அவளிடம் படித்து இயற்பியலில் தோற்றவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. கரும்பலகையில் கவராயம் இல்லாமல் வெறும் கையாலேயே வட்டம் போடுவாள். சாக்பீஸ் ஆரம்பித்த இடத்திலேயே வந்து முட்டி நிற்கும். புதிதாக வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து "ஓ" என்று வாயைப் பிளப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும் அந்த "ஓ"வுக்காக அவள் காத்திருப்பாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

சின்ன டீச்சர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவளுக்கு அந்த வேலையைச் சிபாரிசு செய்ததே பெரிய டீச்சர்தான். "நம்ம வீட்டுப் பொண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டு வருவோம்" என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றவள் அவள். அப்போது அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

வினை ஒரு பழைய பேருந்தின் வடிவில் வந்தது. பள்ளிக்குச் சொந்தமான அது, இஞ்சின் போய், சக்கரம் கழற்றப்பட்டு, மைதானத்தின் ஓரத்தில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியர் அதைக் காயலான் கடைக்காரனுக்குத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன டீச்சர் போய், "சார், அதை எனக்குக் குடுங்க. செவ்வாய்க்குப் போகணும்" என்றாள்.

"அடுத்த செவ்வாயா? எங்க போகணும்?"

"கிழமை இல்ல சார். கிரகம்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் விண்வெளி வீரர்களாக அந்தப் பேருந்துக்குள் ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். மற்றவர்கள் பக்கத்திலிருந்த விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்து பூமியாக இருக்க வேண்டும். கப்பலில் எவ்வளவு காற்று, எவ்வளவு தண்ணீர், ஒரு ஆள் எவ்வளவு மூச்சு விடுவான், எல்லாவற்றையும் பிள்ளைகளே கணக்குப் போட்டு நடத்த வேண்டும். கப்பலிலிருந்து பேசினால் பூமியில் பத்து நிமிஷம் கழித்துத்தான் கேட்க வேண்டும், பதிலும் அதே போலப் பத்து நிமிஷம் கழித்துத்தான் போக வேண்டும். நிஜத்தில் அவ்வளவு தூரம் இருப்பதால் அப்படி.

பெரிய டீச்சர் கேள்விப்பட்டதும், "செடி கொடி சொல்லிக்குடுக்க வந்தவளுக்கு அங்க என்ன வேலை?" என்று கணவனிடம் கேட்டாள். கணவன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லாத்தானே இருக்கு" என்றான். அந்த "நல்லாத்தானே இருக்கு" அவளுக்கு இரண்டு நாள் தொண்டையில் முள்ளாக நின்றது.

அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். கொழுந்தன் மாறியதில் ஆச்சரியமில்லை, அவன் சின்னவளுடைய புருஷன். ஆனால் பழுதுபார்ப்பவனும் ஒரு சனிக்கிழமை கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்துப் பக்கம் போனான். அடுத்த வாரமும் போனான். பேருந்தின் நடுவே பலகையால் ஒரு கதவு போட்டு, ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டி, முன்பாதி பின்பாதி என்று இரண்டாகப் பிரித்தான். ஒவ்வொரு பாதிக்கும் மூன்று விளக்குகள் வைத்தான். பச்சை எரிந்தால் காற்று முழுசாக இருக்கிறது. மஞ்சள் என்றால் பாதி. சிவப்பு என்றால் முடிந்தது கதை. விளக்குகளுக்கான சுவிட்சுகள் பூமி அறையில் இருந்தன. வீட்டில் சொட்டுகிற குழாயை மாற்றச் சொல்லி அவள் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தாள். அதற்கு மட்டும் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடைசியாக மாறியவள் மகள். அவளும் அந்த ஒன்பதாம் வகுப்பில்தான் படித்தாள். ஒரு நாள் சாயங்காலம் ஓடி வந்து, "அம்மா, சித்தி என்னைக் கேப்டனா போட்டிருக்காங்க!" என்றாள். பெரிய டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை வருது. ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கும்மா."

"உங்க சித்திகிட்ட கேளு, செவ்வாய்ல மார்க் குடுப்பாங்களான்னு."

மகளின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்தபோது தாய்க்குக் கொஞ்சம் வருத்தமாகவும் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. அந்தத் திருப்திதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

அந்த வாரம் வகுப்பில் அவள் கோள்களின் பாதையைப் பற்றிப் பாடம் எடுத்தாள். வழக்கம்போல வட்டம் போட்டு, சாக்பீஸைத் தூக்கிவிட்டுத் திரும்பினாள். அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் இருந்தது. வெளியே சின்ன டீச்சர் ஏணி மேல் ஏறி, பேருந்தின் கூரையில் வெள்ளிக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் காகிதம் பறந்து அவள் முகத்திலேயே ஒட்டிக்கொண்டது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. பெரிய டீச்சர் போய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய சத்தத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பயந்துதான் உட்கார்ந்தார்கள். அதுவும் அவளுக்கு உறைத்தது.

அன்றிரவு சமையலறையில் பாத்திரம் கழுவும்போது சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்கதான் கோளாறு குடுக்கணும்."

"என்னது?"

"கப்பல்ல கோளாறு வரணும்ல? எல்லாம் ஒழுங்கா போனா அது சுற்றுலா. கரண்ட் கம்மியாகும், காத்து ஒழுகும், இப்படி நடுநடுவுல யாராவது குடுக்கணும். அதுக்கு இயற்பியல் தெரிஞ்ச ஆள் வேணும். எனக்குப் பாதி புரியாது. தவிர, நான் குடுத்தா இளகிடுவேன், பசங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும்."

"எனக்குப் பாவமா இருக்காதுன்னு சொல்ற."

"ஐயோ, அப்படி இல்லக்கா!"

பெரியவள் கரண்டியை ஒருமுறைக்கு இருமுறையாகத் தேய்த்தாள். மறுத்தால் வயிற்றெரிச்சல் என்பார்கள். ஒத்துக்கொண்டால் அவளுடைய ஆட்டத்தில் வில்லி வேஷம். "சரி, செய்யறேன்" என்றாள். மறுநாளே பிள்ளைகள் அவளுக்குக் கோளாறு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த நாள் வந்தது, ஒரு சனிக்கிழமை. மைதானத்தில் பேருந்தைச் சுற்றிச் செங்கல் பொடி கொட்டிச் சிவப்பாக்கியிருந்தார்கள். ஆறு பிள்ளைகளும் பெயிண்டர்கள் போடும் வெள்ளை அங்கியும், அப்பா அண்ணன்களின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் போட்டு, முதுகில் காற்றுக் குப்பி என்று பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து போனார்கள். கேப்டன் கடைசியாக ஏறினாள். ஏறும் முன் கூட்டத்தில் யாரையோ தேடி, கண்டதும் கையை ஆட்டினாள். பெரிய டீச்சர் கையைத் தூக்கப் போனாள். அவளுக்கு முன்னால் நின்ற சின்ன டீச்சர் அதற்குள் இரண்டு கையையும் ஆட்டிவிட்டாள். மகள் யாருக்கு ஆட்டினாள் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காலை முழுக்க நன்றாகவே போனது. பெரிய டீச்சர் முதலில் மின்சாரத்தைக் குறைத்தாள். வெளியே சூரிய ஒளித் தகட்டில் தூசி படிந்திருக்கும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்து, துடைப்பத்தோடு இறங்கிக் கூட்டினார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் கால்வாசி குறைந்துவிட்டது என்றாள். அவர்கள் ஆளுக்கு எத்தனை வாய் என்று பங்கு போட்டுக் குடித்தார்கள். எல்லாம் அவள் நினைத்ததைவிடச் சுருக்காக நடந்தது. அவளுக்கே சுவாரசியம் பிடிக்க ஆரம்பித்தது. ஒரு தடவை, "பரவால்லையே, இந்த நெட்டையன் வகுப்புல வாயே தொறக்க மாட்டான்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். அத்தோடு விட்டிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் கல்வி அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் அவரைப் பூமி அறைக்கு அழைத்து வந்தார். பெற்றோர்கள் சிலரும் பின்னாலேயே வந்தார்கள். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து, "பிரமாதம், பிரமாதம்" என்றார். "இது யாரோட யோசனை?"

தலைமையாசிரியர் சின்ன டீச்சரை முன்னால் தள்ளினார். அதிகாரி அவளுக்குக் கை கொடுத்தார். எல்லோரும் தட்டினார்கள். பழுதுபார்ப்பவனும் தட்டினான், பலமாகவே தட்டினான்.

"அவங்க?" என்றார் அதிகாரி, சுவிட்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளைக் காட்டி.

"அவங்களும் இங்க டீச்சர்தான் சார். கூடமாட ஒத்தாசை பண்றாங்க" என்றார் தலைமையாசிரியர்.

சின்ன டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அதிகாரி வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

கூடமாட ஒத்தாசை. இருபது வருஷம் இந்தப் பள்ளியின் பெயரைத் தூக்கி நிறுத்தியவள், இன்று வந்த ஒருத்திக்குக் கூடமாட ஒத்தாசை. பெரிய டீச்சர் சுவிட்சுகளின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கப்பலைக் கண்காணிக்கக் கேமரா வைத்து எதிரே மாட்டியிருந்த திரையில் நெட்டையனும், வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கிய இன்னொரு பெண்ணும் கப்பலை விட்டு இறங்கிச் செங்கல் பொடியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கேப்டனையும் சேர்த்து நான்கு பேர்.

அவள் ஒலிவாங்கியை எடுத்தாள். கோளாறு அறிவிப்பு கப்பலின் கருவியே சொல்வதாகக் கணக்கு, அதற்குத் தாமதம் கிடையாது. "கப்பலுக்கு எச்சரிக்கை. பின்பாதியில் ஓட்டை. காற்று வெளியேறுகிறது" என்று படித்தாள். சுவிட்சைத் தட்டினாள். பின்பாதியின் பச்சை அணைந்து மஞ்சள் எரிந்தது.

இதுவரைக்கும் ஒழுங்கான கோளாறுதான். நடுக்கதவைச் சாத்தினால் முன்பாதியில் இருப்பவர்கள் பிழைப்பார்கள். ஆனால் கப்பலுக்குள் ஏறும் வாசல் பின்பாதியில் இருந்தது. வெளியே இருந்த இருவரும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அவள் இரண்டாவது எச்சரிக்கையையும் படித்தாள். "வெளியே இருப்பவர்களின் குப்பிகளில் பதினைந்து நிமிடக் காற்று மட்டுமே உள்ளது."

சின்ன டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பூமியைக் கேட்டுப் பதில் வாங்கவே இருபது நிமிஷம் ஆகும். கதவைத் திறந்தால் ஆறு பேருக்கும் ஆபத்து, திறக்காவிட்டால் இரண்டு பேர் அவுட்.

"அக்கா, இது கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?"

"கோளாறு குடுக்கத்தானே என்னை உக்கார வச்ச?"

ஒலிபெருக்கியில் எதுவும் வரவில்லை. கப்பலில் பேசுவது பூமிக்கு வர நேரமாகுமே. திரையில் மட்டும் படம் தெரிந்தது. கேப்டன் நடுக்கதவைச் சாத்தினாள். பின்பாதியில் சிவப்பு விழுந்தது. வெளியே இருந்த இருவரும் கல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்து பின்வாசலில் ஏறி, வாசலைச் சாத்தி, நடுக்கதவைத் தட்டினார்கள். கேப்டன் கதவின் இந்தப் பக்கம் நின்றாள். சுவரில் இருந்த விளக்குகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. எதையோ எண்ணினாள் போல. பிறகு தாழ்ப்பாளை இழுத்தாள். இருவரும் உள்ளே விழுந்தார்கள், கதவு திரும்பச் சாத்தப்பட்டது.

பெரிய டீச்சர் முன்பாதியின் சுவிட்சில் விரல் வைத்தாள். பச்சையிலிருந்து நேராகச் சிவப்புக்குத் தட்டினாள்.

சிவப்பு எரிந்தால் அப்படியே படுத்துவிட வேண்டும், அசையக் கூடாது என்பது விதி. விதியைப் போட்டவள் சின்ன டீச்சர், அந்த நிலை வராது என்ற நம்பிக்கையில். பேருந்துக் கதவை வெளியிலிருந்து திறந்தபோது, இருட்டில் ஆறு பிள்ளைகளும் வெள்ளை அங்கியோடு தரையில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். வாயாடியின் அம்மா "அடியே!" என்று அலறிவிட்டாள். அப்புறம்தான் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஒரு பையன் அழுதான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பரவால்ல, அடுத்த தடவை" என்று சொல்லிக்கொண்டே காரை நோக்கி நடந்தார்.

மகள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தாள். முகமெல்லாம் வேர்வை. அழவில்லை.

"இதுக்கு விடை என்ன?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடை இல்ல" என்றாள் பெரிய டீச்சர்.

"இல்லன்னு தெரிஞ்சேதான் குடுத்தீங்களா, டீச்சர்?"

பள்ளிக்குள் எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும், அது அவள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு. ஆனால் அன்று அந்தச் சொல் வேறு மாதிரி விழுந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் மகள் அதை விடவில்லை. "டீச்சர், தண்ணி எடுங்க." "டீச்சர், நான் மாடிக்குப் போறேன்." பழுதுபார்ப்பவன் ஒருமுறை அதட்டிப் பார்த்தான். அவள், "சரிங்க சார்" என்றாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

சின்ன டீச்சர் சமையலறைக்கு வந்தது அன்று சாயங்காலம். நல்ல மனசுக்காரி, பொறுத்துப் போவாள் என்று பெரியவள் நினைத்திருந்தாள். அப்படியெல்லாம் இல்லை.

"என் மேல கோவம்னா என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். நாலு மாசமா அந்தப் பசங்க ராத்திரி பகலா உழைச்சிருக்காங்க. அவங்க மேல ஏன் காட்டினீங்க?"

"உன் பேரு கெட்டுப் போச்சுன்னு வருத்தமா?"

"ஆமா, அதுவும்தான். வருத்தம் இருக்காதா? அவரு வேற மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு மேல உக்காந்திருக்காரு. நான் உங்களை என்ன செஞ்சேன் அக்கா? சொல்லுங்க, என்ன செஞ்சேன்?"

பெரியவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே செய்யவில்லை.

"பொறாமை" என்றாள் கடைசியில். "வேற ஒண்ணும் இல்ல. பசங்க உன்னைப் பாக்கிற மாதிரி என்னை ஒரு நாளும் பாத்ததில்ல. என் பொண்ணும்தான்."

சின்னவள் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். "அதைச் சொல்லிட்டா சரியாப் போச்சா?" என்று முனகிவிட்டு மாடி ஏறிப் போனாள். படிகளில் சத்தமாகவே ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டிலேயே இல்லை. வாயாடியின் வீட்டில் இருக்கிறாள் என்று பழுதுபார்ப்பவன் சொன்னான். பெரிய டீச்சர் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாள். ஒரு தாளை மூன்று தடவை திருத்தியும் மனசில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பீரியட் அவளுடையது. வகுப்புக்குள் நுழைந்தபோதே கரும்பலகை நிறைந்திருந்தது. பேருந்தின் படம், நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் எண்கள். பலகைக்கு முன்னால் நெட்டையனும் வாயாடியும் நின்றார்கள். மகள் தன் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க. யார் பலகையைத் தொட்டது?"

நெட்டையன் சாக்பீஸைக் கீழே வைத்தான். "டீச்சர், நாங்க செத்திருக்க மாட்டோம்."

"என்ன?"

"நீங்க சிவப்புப் போட்டது தப்பு டீச்சர்" என்றாள் வாயாடி. சொல்லிவிட்டு அவளே பயந்து ஒரு அடி பின்னால் போனாள். நெட்டையன்தான் சாக்பீஸை எடுத்தான்.

"முன்பாதியும் பின்பாதியும் ஒரே அளவு டீச்சர். நாங்களே டேப் வச்சு அளந்தோம். நாங்க ரெண்டு பேரும் பின்வாசலைச் சாத்திட்டுதான் நடுக்கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தப்ப முன்னாடி இருந்த காத்து பின்னாடிக்கும் பரவும். இடம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அழுத்தம் பாதியாகும். நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க, பாயில் விதி. பாதிதானே டீச்சர் ஆகும்? பூஜ்யம் எப்படி ஆகும்?"

"ஓட்டை இருக்கே" என்றாள் பெரிய டீச்சர். "அது வழியா போகாதா?"

"போகும். ஆனா கதவு தொறந்திருந்தது மூச்சு இழுத்து விடற நேரம்தான். மஞ்சள்லேருந்து சிவப்புக்கு வரவே அவ்வளவு நேரம் ஆச்சே, அப்ப ஓட்டை சின்னதுதான். அந்த நேரத்துல எவ்வளவு போயிருக்கும்னு இங்க போட்டிருக்கோம்." பலகையின் மூலையைக் காட்டினான். "உயரமான மலை மேல போனா மூச்சு வாங்குமே, அந்த அளவுக்குத்தான் காத்து குறைஞ்சிருக்கும். தலை சுத்தும். சாக மாட்டோம். கதவைச் சாத்தினதும் முன்னாடி வச்சிருந்த மாத்துக் காத்துக் குப்பியைத் தொறந்தா திரும்ப ஏறிடும். மஞ்சள்தான் டீச்சர் போடணும்."

பெரிய டீச்சர் பலகைக்கு அருகில் போனாள். முதல் வரியிலிருந்து படித்தாள். ஒரு இடத்தில் அவசரத்தில் கூட்டலில் அடுத்த இடத்துக்கு எண்ணை ஏற்ற மறந்திருந்தார்கள், அதைத் திருத்தினாள். திருத்தியும் விடை மாறவில்லை. அவர்கள் சொன்னது சரி. இயற்பியலில் முதல் பாடம்போல எளிதான ஒன்று. அன்றைக்கு அவள் கணக்கே போடவில்லை. விரல் தானாகப் போய்ச் சிவப்பைத் தட்டியது. விடை இல்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னதும் யோசித்துச் சொன்னதல்ல, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னது.

"யார் முதல்ல கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள்.

இருவரும் கேப்டனைப் பார்த்தார்கள். மகள் மேசையைப் பார்த்துக்கொண்டே, "கதவைத் திறக்கறப்பவே பாதின்னு தோணுச்சு. அதனாலதான் திறந்தேன். சிவப்பு எரிஞ்சதும், நாமதான் தப்புன்னு நினைச்சுட்டேன்" என்றாள்.

தன் மேல்தான் தப்பு என்று நினைத்துத் தரையில் படுத்த மகள். பெரிய டீச்சருக்கு அது எங்கேயோ போய்க் குத்தியது. அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"சனிக்கிழமை நான் போட்ட சிவப்பு தப்பு. கேப்டன் செஞ்சது சரி. ஆறு பேரும் உயிரோட இருந்தாங்க. விடை இல்லன்னு நான் சொன்னதும் தப்பு."

யாரோ ஒருவன் பின்வரிசையில் மெல்ல விசிலடித்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. "சரி, மஞ்சள். அடுத்தது என்ன? மாத்துக் குப்பியில எவ்வளவு இருந்துச்சு? ஆறு பேருக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? ஓட்டையை யாரு அடைப்பா, எதை வச்சு?"

கைகள் எழுந்தன. ஒரே நேரத்தில் பத்துக் குரல்கள். ஒருவன் பெஞ்சு மேலேயே ஏறி நின்றான், அவள் இறங்கச் சொல்ல மறந்துபோனாள். சூயிங்கம் வைத்து அடைக்கலாம் என்று ஒருத்தி சொல்ல, அது தாங்குமா தாங்காதா என்று சண்டை வந்தது. மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் பீரியட் எடுக்க வந்த வரலாற்று ஆசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, எடுத்துக்கோங்க என்று சைகை காட்டிப் போய்விட்டார். மூன்றாம் பீரியட் மணியும் அடித்தது. அது உயிரியல்.

சின்ன டீச்சர் வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகளில் ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. கேப்டன்கூடப் பலகைக்கு வந்து அம்மாவின் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, அது அப்படி இல்ல, இங்க பாரு" என்று பள்ளி என்பதையே மறந்து பேசிக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் தற்செயலாக வாசல் பக்கம் திரும்பினாள். சின்னவள் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. கண் மட்டும் அந்தப் புன்னகைக்குள் வரவில்லை. அந்தப் பார்வை என்னவென்று பெரிய டீச்சருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் அவள் சுமந்து திரிந்த பார்வை அது. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. அடுத்த நொடி அந்த இனிப்பு நாக்கில் கசந்தது.

"உள்ள வாம்மா" என்றாள். "ரத்தத்துல ஆக்ஸிஜன் பாதி அழுத்தத்துல எப்படி ஏறும்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியாது. அது உன் பாடம்."

சின்ன டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். இன்னும் கோபம் தீரவில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. பிறகு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், பலகையில் காலியாக இருந்த ஒரு மூலையில் நுரையீரல் வரைய ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சமையலறையில் இரண்டு வாரம் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. பேருந்து இரண்டாம் முறை புறப்பட்ட அன்று அதிகாரி வரவில்லை, பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். மறுநாள் வந்த படத்தில் பிள்ளைகளும் சின்ன டீச்சரும் இருந்தார்கள். பெரிய டீச்சரின் முழங்கை மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரியாமல் இல்லை. மத்தியானம் வரைக்கும் எரிந்தது. மாடியிலிருந்து சின்னவள் இறங்கி வந்தபோது பத்திரிகையை அவளிடம் நீட்டி, "நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

"உங்களைத்தான் வெட்டிட்டாங்க."

"ஆமா, வெட்டிட்டாங்க. எனக்கு எரியுது."

சின்னவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கும்தான் அக்கா. நேத்து கப்பலை விட்டு இறங்கினதும் அந்த ஆறும் உங்ககிட்டதான் ஓடுச்சுங்க. நான் கதவைத் திறந்துட்டு நிக்கறேன், என்னைத் தள்ளிட்டு ஓடுதுங்க."

"எரிஞ்சுதா?"

"எரியாம?"

பெரியவள் அவளுக்கும் சேர்த்து டீ போட்டாள். அடுத்த பயணத்துக்கு என்ன கோளாறு வைக்கலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. விடையை முதலிலேயே தன்னிடம் காட்ட வேண்டும் என்றாள் சின்னவள். காட்ட முடியாது என்றாள் பெரியவள். டீ ஆறும் வரைக்கும் இருவரும் சண்டை போட்டார்கள்.